கோடு நகர்ந்தபோது: ஹோவர்ட் கவுண்டி பள்ளி எல்லை மாற்றம், 2019

அமெரிக்காவில் வீடு தேடும் தமிழ்க் குடும்பத்தோடு ஒரு நாள் சுற்றிப் பாருங்கள். வாசல் எந்தத் திசை, கார் நிறுத்த எவ்வளவு இடம் என்பதெல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வி, "இந்த வீட்டுக்கு எந்த ஸ்கூல்?" அங்கே அரசுப் பள்ளியில் இடம் வாங்கச் சிபாரிசு தேடி அலைய வேண்டியதில்லை. முகவரிதான் பள்ளியைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு பள்ளியைச் சுற்றியும் வரைபடத்தில் ஒரு கோடு இருக்கும். கோட்டுக்குள் இருக்கிற வீட்டுப் பிள்ளை அந்தப் பள்ளிக்குப் போகும். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளி, எதிர்ப் பக்கம் வேறு பள்ளி என்பதும் சகஜம்.

அந்தக் கோட்டைக் கல்வி வாரியம் ஒரு நாள் அழித்து வேறு இடத்தில் போட்டால் என்ன ஆகும்? 2019இல் மேரிலாந்து மாநிலத்தின் ஹோவர்ட் கவுண்டியில் அதுதான் நடந்தது. கவுண்டி என்பது மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பகுதி. அந்த ஆண்டு ஆகஸ்டில் கவுண்டிப் பள்ளிகளின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளர் மைக்கேல் மார்டிரானோ வைத்த திட்டம், ஏறக்குறைய 59,000 மாணவர்களில் சுமார் 7,400 பேரைப் பள்ளி மாற்றச் சொன்னது. மூன்று மாதம் கவுண்டியே கொதித்தது. அந்தச் சண்டையை வெளியிலிருந்து பார்த்தவர்கள் சட்டென்று இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டார்கள்: வசதியானவர்களின் சுயநலம் ஒரு பக்கம், நியாயம் இன்னொரு பக்கம். எனக்கு அந்தக் கணக்கு பொருந்திவரவில்லை. பெற்றோர் சொன்னதைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை நியாயமான கவலைகள். திட்டத்தின் நோக்கமும் நியாயமானது. நியாயமான இரண்டு எப்படி மோதிக்கொண்டன என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

ஊரின் கதை

ஹோவர்ட் கவுண்டி பால்டிமோருக்கும் வாஷிங்டனுக்கும் நடுவில் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி 3,30,000க்குச் சற்று மேல் மக்கள். அமெரிக்காவிலேயே வருமானம் மிக அதிகமான கவுண்டிகளில் ஒன்று. மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஆசிய வம்சாவளி. எல்லிகாட் சிட்டியிலும் கிளார்க்ஸ்வில்லிலும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய.

மேரிலாந்தின் அமைப்பு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல மாநிலங்களில் ஊருக்கு ஊர் தனிப் பள்ளி மாவட்டம், தனி வரி, தனி வாரியம். மேரிலாந்தில் கவுண்டிக்கு ஒன்றாக 23, பால்டிமோர் நகரத்துக்கு ஒன்று, ஆக மொத்தம் 24 தான். ஒரே கவுண்டிக்குள் பணக்காரப் பகுதியும் ஏழைப் பகுதியும் ஒரே வாரியத்தின் கீழ், ஒரே பட்ஜெட்டில் வருகின்றன. ஆகவே, எல்லையை மாற்றி யார் யாரோடு படிப்பது என்பதை மாற்றும் அதிகாரம் அந்த வாரியத்துக்கு உண்டு. ஊருக்கு ஊர் மாவட்டம் பிரிந்து கிடக்கும் மாநிலங்களில் அந்த வாய்ப்பே அரிது. மாவட்டம் தாண்டி மாணவர்களைக் கலக்கச் சொல்லும் ஆணைகளுக்கான வழியை உச்ச நீதிமன்றம் 1974இலேயே பெருமளவு அடைத்துவிட்டது.

இந்த ஊருக்கு இரண்டு வேறு வேறு நினைவுகள் உண்டு. கறுப்பின மாணவர்களுக்கென்று 1949இல் திறக்கப்பட்ட ஹேரியட் டப்மன் உயர்நிலைப் பள்ளி இங்கே 1965 வரை நடந்தது. இனத்தால் பிரித்துத் தனித்தனிப் பள்ளி நடத்துவது செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகும் பதினொரு ஆண்டுகள். அது மூடிய இரண்டே ஆண்டில், 1967இல், ஜேம்ஸ் ரவுஸ் என்ற கட்டுமானத் தொழிலதிபர் அதே கவுண்டியில் கொலம்பியா என்ற புது நகரத்தைத் தொடங்கினார். எல்லா இனமும் எல்லா வருமானமும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ வேண்டும் என்பது அவர் எண்ணம். வீட்டுக்கு வீடு தபால் பெட்டி வைக்காமல் பல வீடுகளுக்குச் சேர்த்து ஓர் இடத்தில் வைத்தார்கள். தபால் எடுக்க வரும்போதாவது அண்டை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசட்டும் என்றுதான்.

கொலம்பியா பத்து 'கிராமங்களாக' வளர்ந்தது. முதல் கிராமம் வைல்ட் லேக், கடைசிக் கிராமம் ரிவர் ஹில். இரண்டுக்கும் அதே பெயரில் உயர்நிலைப் பள்ளி உண்டு. ரிவர் ஹில் பள்ளி 1996இல்தான் வந்தது. சுற்றிலும் பெரும்பாலும் தனி வீடுகள். வைல்ட் லேக் பக்கம் அடுக்குமாடிகள், வாடகை வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டிய பழைய டவுன்ஹவுஸ்கள். 2019 வாக்கில் வைல்ட் லேக் பள்ளியில், குடும்ப வருமானம் குறைவு என்பதால் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவு பெறும் மாணவர்கள் 40 சதவீதத்துக்கு மேல், ரிவர் ஹில்லில் 5 சதவீதத்துக்கும் கீழ். சில மைல் தூரத்தில் இருக்கும் இரண்டு பள்ளிகள், ஒரே மனிதரின் கனவில் முளைத்த இரண்டு கிராமங்கள். இந்த இரண்டு எண்களும்தான் பிறகு எல்லார் வாயிலும் இருந்தன.

பள்ளிகள் நிரம்பியது எப்படி

எல்லையை மாற்ற வேண்டிய தேவை முதலில் வறுமைக் கணக்கிலிருந்து வரவில்லை, இட நெருக்கடியிலிருந்து வந்தது. கவுண்டியின் கிழக்கில், ஒன்றாம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி, எல்க்ரிட்ஜ், ஜெஸ்ஸப் பக்கம் வீடுகள் மளமளவென்று எழுந்தன. ஹோவர்ட் உயர்நிலைப் பள்ளி கொள்ளளவைத் தாண்டி வழிந்தது. மைதானத்து ஓரத்தில் போர்ட்டபிள் எனப்படும் தற்காலிக வகுப்பறைகள். மேற்கே, பண்ணை நிலங்கள் நடுவே இருக்கிற கிளெனெல்க் பள்ளியில் இடம் காலி.

இதற்குள் ஒரு நிர்வாகக் குறை இருக்கிறது. பள்ளி கட்டும் பணத்தைத் தருவது கவுண்டி அரசும் மாநிலமும். வீடு கட்ட அனுமதி தருவதும் கவுண்டி அரசுதான். கல்வி வாரியத்துக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. வரும் பிள்ளைகளுக்கு இடம் கண்டுபிடிக்கும் பொறுப்பு மட்டும் அதன் தலையில். பள்ளியில் இடமில்லாத பகுதியில் புது வீடுகளைத் தாமதப்படுத்தும் சட்டம் ஒன்று அங்கே பல ஆண்டுகளாக இருந்தது. ஆனால் 2018இல் திருத்தும் வரை அந்தச் சட்டம் உயர்நிலைப் பள்ளிகளைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. தொடக்கப் பள்ளியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார்கள், நடுநிலைப் பள்ளியைப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து உயர்நிலைக்கு வரும்போது எங்கே உட்காரும் என்று சட்டம் கேட்கவில்லை. இந்தத் தவறுக்கும் 2019இல் கூச்சல் போட்ட எந்தப் பெற்றோருக்கும் சம்பந்தம் இல்லை. விலை மட்டும் அவர்களிடம் கேட்கப்பட்டது.

பள்ளி எல்லை குறித்த வாரியத்தின் கொள்கைக்கு 6010 என்று எண். பள்ளிகள் கொள்ளளவில் 90 முதல் 110 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அப்போது அதன் இலக்கு. கூடவே மூன்று விஷயங்களை எடைபோடச் சொன்னது: கட்டட வசதியின் பயன்பாடு, சமூகத்தின் நிலைத்தன்மை, மாணவர்களின் சமூக-பொருளாதாரக் கலவை. இந்த மூன்றும் ஒன்றோடொன்று இழுபறி செய்யும் என்பது வரைபடத்தை விரித்தாலே தெரியும்.

வரைபடத்தில் கவுண்டி முழுவதும் நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டிருந்தது. அதிகாரிகள் அதைப் பலகோணம், 'பாலிகன்', என்பார்கள். 2019 இலையுதிர்காலத்தில் அந்தச் சொல் கடைத்தெரு வரைக்கும் வந்துவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்தால் "உங்கள் பாலிகன் எண் என்ன?" என்று கேட்கும் நிலை. எல்க்ரிட்ஜ் பிள்ளையை நேராக கிளெனெல்க்குக் கொண்டுபோக முடியாது, அவ்வளவு தூரம். ஆகவே நிரம்பிய பள்ளி தன் மேற்கு ஓரத்துப் பலகோணங்களை அடுத்த பள்ளிக்குத் தரும், அந்தப் பள்ளி தன் மேற்கு ஓரத்தை அதற்கடுத்த பள்ளிக்குத் தரும். ஒரு பள்ளியின் நெரிசலைத் தீர்க்க நான்கைந்து பள்ளிகளின் எல்லை நகரும். நெரிசலே இல்லாத பள்ளியின் பெற்றோர் ஒரு காலையில் எழுந்து பார்த்தால் வரைபடத்தில் தங்கள் தெருவின் நிறம் மாறியிருக்கும்.

இரண்டாவது நோக்கம்

இட நெருக்கடி மட்டும் என்றால் சண்டை இவ்வளவு சூடாகியிருக்காது. அதே ஆகஸ்டில் கவுண்டி மன்ற உறுப்பினர்கள் மூவர், கிறிஸ்டியானா மெர்சர் ரிக்பி, ஓபல் ஜோன்ஸ், டெப் ஜங், பள்ளிகளில் இனம், வருமானம் சார்ந்து பிரிந்து கிடக்கும் நிலையைத் தீர்க்கும் திட்டம் வேண்டும் என்று வாரியத்தைக் கேட்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்கள். மார்டிரானோவின் திட்டமும் சமத்துவத்தை வெளிப்படையாகவே முன்வைத்தது. உணவுச் சலுகை பெறும் மாணவர்கள் சில பள்ளிகளில் மட்டும் குவியாமல் பரவ வேண்டும் என்பது அதன் இலக்கு.

ஏன் வருமானம், ஏன் இனம் இல்லை? சியாட்டில் பள்ளி மாவட்ட வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம், தனி மாணவரின் இனத்தைப் பார்த்துப் பள்ளி ஒதுக்குவதற்குக் கடுமையான தடை போட்டது. அதற்குப் பிறகு மாவட்டங்கள் பலவும் உணவுச் சலுகைக் கணக்கையே அளவுகோலாக எடுத்துக்கொண்டன.

இந்த நோக்கத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. பக்கத்திலேயே இருக்கும் மாண்ட்கமரி கவுண்டியில், அரசு வீட்டு வசதித் திட்டத்தில் குலுக்கல்போல வீடு கிடைத்த குடும்பங்களின் சுமார் 850 பிள்ளைகளை ஹெதர் ஷ்வார்ட்ஸ் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார். வறுமை குறைவான தொடக்கப் பள்ளிக்குப் போகும்படி வீடு அமைந்த ஏழைப் பிள்ளைகள், வறுமை மிகுந்த பள்ளிக்குப் போனவர்களைவிடச் சில ஆண்டுகளில் நன்றாகப் படித்தார்கள், குறிப்பாகக் கணக்கில். கூடுதல் பணமும் சிறிய வகுப்புகளும் ஏழைப் பள்ளிகளுக்குத்தான் கிடைத்தன. அப்படியும் இந்த வித்தியாசம். ஆகவே இதை வெறும் அரசியல் என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை.

பெற்றோர் என்ன சொன்னார்கள்

செப்டம்பரில் பொது விசாரணைகள் தொடங்கின. பேசப் பெயர் கொடுத்தவர்கள் நூற்றுக்கணக்கில், எழுதி அனுப்பியவர்கள் ஆயிரக்கணக்கில். பதாகைகளோடு பேரணிகள் வேறு. ஒருவருக்குச் சில நிமிடம்தான். மணி அடித்தால் நிறுத்த வேண்டும்.

முதல் கவலை தூரம். அப்போது உயர்நிலைப் பள்ளிகள் காலை 7:25க்குத் தொடங்கின. பஸ் பிடிக்கக் குளிர்காலத்தில் இருட்டோடு கிளம்ப வேண்டும். வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் பள்ளியைத் தாண்டி, பஸ்ஸில் இன்னும் சில மைல் போவது என்றால் எந்தத் தாய் தகப்பனுக்கும் வயிறு எரியும். மாலையில் பயிற்சியோ இசைக்குழுவோ முடிந்து கடைசி பஸ் போய்விட்டால் யார் கூட்டிவருவது? பேசியவர்களில் பலர் இதைத்தான் சொன்னார்கள். மறுபக்கத்தில் சிலர் இது சாக்கு என்றார்கள். தூரம் எல்லாருக்கும் சாக்கு ஆகிவிடாது.

இரண்டாவது, தொடர்ச்சி. ஒன்பதாம் வகுப்பை ஒரு பள்ளியில் முடித்துவிட்டுப் பத்தாம் வகுப்பில் இன்னொரு பள்ளி. அக்கா ஒரு பள்ளி, தம்பி வேறு பள்ளி. முந்தைய மாற்றத்தில் நகர்ந்த பிள்ளை மறுபடியும் நகர்வது. ஒரே மாணவரை அடிக்கடி மாற்றக்கூடாது, சின்னக் கூட்டத்தைப் பிரித்துத் தனியாக அனுப்பக்கூடாது என்றெல்லாம் வாரியத்தின் கொள்கையே பேசியது. பெற்றோர் அந்த வரிகளைப் படித்துவிட்டு வந்து, "உங்கள் விதியை நீங்களே மீறுகிறீர்கள்" என்றபோது பதில் சொல்ல வாரியம் திணறியது.

மூன்றாவது, வீட்டு விலை. இதைச் சொல்லப் பலருக்கும் கூச்சம், ஆனால் எல்லார் மனதிலும் இருந்தது. பொருளாதார அறிஞர் சாண்ட்ரா பிளாக் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மாசசூசெட்ஸில் பள்ளி எல்லைக் கோட்டுக்கு இரு பக்கமும் இருக்கும் வீடுகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டார். தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் வீட்டுக்கு 2.5 சதவீதம் அதிகம் கொடுக்கப் பெற்றோர் தயார் என்று கண்டார். அதாவது கோட்டுக்கு விலை உண்டு, வீட்டு விலைக்குள் அது ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது.

இங்கே நம்மவர்களின் நிலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆசியப் பெற்றோர் பலர் எதிர்ப்பின் முன்வரிசையில் இருந்தார்கள், குறிப்பாகச் சீன வம்சாவளியினர். விசா, கிரீன் கார்டு என்று ஆண்டுக்கணக்கில் காத்து, வாடகை வீட்டில் இருந்து சேமித்து, பள்ளிக்காகவே தங்கள் சக்திக்கு மேல் வீடு வாங்கியவர்கள். பாட்டன் சொத்தோ, ஊரில் செல்வாக்கோ இல்லாத குடும்பத்துக்குப் பிள்ளையின் படிப்பு ஒன்றுதான் பிடிமானம். அவர்களைப் பார்த்து இனவாதி என்றபோது கொதித்துப்போனார்கள். அந்தக் கொதிப்பு எனக்குப் புரிகிறது.

ஆனால் புரிவதற்கும் ஒரு வரம்பு உண்டு. எழுதி வந்தவற்றில் அப்பட்டமான இனவெறி பேசியவையும் இருந்தன. ஏழைப் பிள்ளைகள் வந்தால் பள்ளியே கெட்டுவிடும் என்ற தொனியில் வந்தவையும் இருந்தன. அவற்றை வைல்ட் லேக் மாணவர்களும் படித்தார்கள். ஹோவர்ட் கவுண்டிக் கார்களின் பின்புறம் 'நாகரிகத்தைத் தேர்ந்தெடுப்போம்' என்ற பொருளில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், நூலகத் துறை 2006இல் தொடங்கிய இயக்கம் அது. தங்கள் பள்ளியின் பெயரை ஒரு நோயின் பெயரைப்போலப் பெரியவர்கள் உச்சரிப்பதை, அந்த ஸ்டிக்கர் ஒட்டிய ஊரில், பதினைந்து வயதுப் பிள்ளைகள் கேட்டார்கள். இந்த மூன்று மாதத்தில் ஆறாத காயம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன். எந்தப் பலகோணம் எங்கே போனது என்பதை மறந்துவிடலாம், இதை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

ரிவர் ஹில் பக்கத்துப் பெற்றோரின் கேள்வி ஒன்று மட்டும் கடைசி வரை நேரான பதில் இல்லாமல் நின்றது: "எங்கள் பள்ளியில் நெரிசல் இல்லையே, எங்களை வெளியே அனுப்பி வேறு பிள்ளைகளை உள்ளே கொண்டுவருவது எந்த நெரிசலைத் தீர்க்கும்?" நேரான பதில், "நெரிசலுக்காக இல்லை, வறுமை ஒரே இடத்தில் குவியக்கூடாது என்பதற்காக." அதை அப்படியே சொல்லி, அதற்காக வாதாடியிருக்கலாம். இரண்டு நோக்கங்களையும் ஒரே வரைபடத்தில் கலந்து, ஒன்றைக் கேட்டால் மற்றொன்றைக் காட்டியதால் நம்பிக்கை போனது.

வராதவர்கள்

வார நாள் மாலையில் விசாரணை. யார் வர முடியும்? இரண்டாவது ஷிப்ட் வேலைக்குப் போகிறவரால் முடியாது. கார் இல்லாதவரால் முடியாது. கைக்குழந்தையை விட்டுவர ஆள் இல்லாதவரால் முடியாது. வறுமையைப் பரப்புவது என்று காகிதத்தில் எழுதினால், யாரோ ஓர் ஏழைப் பிள்ளை காலையில் பஸ் ஏறித் தூரப் பள்ளிக்குப் போகிறது என்று அதற்கு அர்த்தம். அந்தப் பிள்ளைக்குப் பகலில் காய்ச்சல் வந்தால் பள்ளி போன் செய்யும், "வந்து கூட்டிப்போங்கள்" என்று. பழைய பள்ளி என்றால் அம்மா நடந்தே போய்விடலாம். புதுப் பள்ளிக்குப் போக, கார் இல்லாத வீட்டில், பாதி நாள் கூலி போகும். தூரத்தைப் பற்றி மேடையில் உரக்கப் பேசியவர்கள் வீட்டில் பெரும்பாலும் இரண்டு கார் நின்றிருக்கும். தூரம் உண்மையிலேயே சுட்டது மேடைக்கு வராதவர்களை.

எதிர்த்தவர்கள் அந்தக் குடும்பங்களின் சிரமத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். ஆதரித்தவர்கள் அந்தக் குடும்பங்களின் நன்மைக்காகப் பேசுவதாகச் சொன்னார்கள். அவர்களிடமே நேரில் போய்க் கேட்பது இந்த முழு நடைமுறையின் மையத்தில் இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு குரலும் சட்டப்படியே வெளியே நிறுத்தப்பட்டது. ஹோவர்ட் வாரியத்தில் பெரியவர்கள் ஏழு பேரோடு மாணவர் பிரதிநிதி ஒருவர் உண்டு, பல விஷயங்களில் அவருக்கு வாக்கும் உண்டு. பள்ளி எல்லை மாற்றம் என்றால் மட்டும் வாக்களிக்கக் கூடாது என்கிறது மாநிலச் சட்டம். மாறப்போகும் பஸ்ஸில் ஏறுகிற வயதுக்காரர் அந்த மேசையில் அவர் ஒருவர்தான்.

தீர்மானமும் பிறகும்

2019 நவம்பர் 21 அன்று வாரியம் இறுதி முடிவெடுத்தது. பலகோணம் பலகோணமாகத் திருத்தித் திருத்தி, நகர வேண்டியவர்கள் சுமார் 5,400 பேராகக் குறைந்திருந்தார்கள். 2020 கல்வியாண்டிலிருந்து அமல்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடின. செப்டம்பரில் புது எல்லை அமலுக்கு வந்த நாளில் யாரும் பஸ் ஏறவில்லை. பெற்றோர் மாதக்கணக்கில் பயந்த அந்த முதல் நாள், படுக்கையறை மேசையில் லேப்டாப்பைத் திறப்பதாக முடிந்தது. புதுப் பள்ளியின் பெயர் திரையின் மூலையில் மட்டும் இருந்தது. முகம் தெரியாத வகுப்பு, கேமரா அணைத்த சதுரங்கள். 2021 வசந்தத்தில்தான் பிள்ளைகள் வாரத்தில் சில நாட்கள் என்று கட்டடத்துக்குள் நுழையத் தொடங்கினார்கள்.

இதனால் திட்டம் பலித்ததா இல்லையா என்று அளப்பதும் கெட்டுப்போனது. 2020 வசந்தத்தில் மாநிலத் தேர்வுகள் நடக்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் மத்திய அரசு எல்லா மாணவர்களுக்கும் இலவச உணவு தர அனுமதித்ததால், சலுகைக்கு விண்ணப்பிக்க வேண்டிய அவசியம் குறைந்து, வறுமையை அளக்கும் அளவுகோலே கலங்கியது. மாணவர் எண்ணிக்கையும் சரிந்தது. ஆகவே 2019இன் எல்லை மாற்றம் வெற்றி என்றோ தோல்வி என்றோ யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

கிழக்குப் பக்கத்தின் நெரிசலுக்கு உரிய மருந்து 2023இல்தான் வந்தது. ஜெஸ்ஸப்பில் கில்ஃபோர்ட் பார்க் என்ற பதின்மூன்றாவது உயர்நிலைப் பள்ளி திறந்தது. அதற்காகவும் எல்லை மறுபடி வரையப்பட்டது.

அடுத்த முறை வரைபவர்களுக்கு

கோடு இனியும் நகரும். வீடுகள் எழும் ஊரில் அதைத் தவிர்க்க முடியாது. வறுமை சில பள்ளிகளில் மட்டும் குவிவதை உடைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதை மூன்று மாதத்தில், ஒரே வீச்சில், நெரிசல் வேலையோடு சேர்த்துச் செய்யக்கூடாது. புதிதாகப் பள்ளியில் நுழையும் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மாற்றினால், நடுவில் படிப்பவர்களைப் பிடுங்கி நட வேண்டியிருக்காது. அப்படிச் செய்தால் சில ஆண்டுகள் ஒரே தெருவுக்கு இரண்டு பஸ் ஓட்ட வேண்டும். அதற்குப் பணம் ஆகும், அந்தப் பணத்தை வீடு கட்ட அனுமதி கொடுத்த அரசு தரட்டும்.

வைல்ட் லேக் பக்கத்தில் அடுக்குமாடிகளுக்கு நடுவே கொலம்பியாவின் பழைய தபால் பெட்டிக் கொத்துகள் இருக்கின்றன, வேலை முடிந்து வருகிறவர்கள் சாவியோடு வந்து நிற்கும் இடம். அடுத்த விசாரணையை வாரியத்தின் அரங்கத்தில் தொடங்குவதற்கு முன்னால், ஸ்பானிஷ் மட்டும் பேசுகிறவர்களுக்காக அந்த மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு மேசை போடலாம்.